ஆறு வருட மாதுளை ஜூஸ்

ஒயின் கிளாஸைக் கண்டுபிடித்தவன்தான் மனித குலத்தின் முதல் எதிரி. போரைக் கண்டுபிடித்தவன்கூட அவனுக்கு அடுத்தபடிதான்.

மழைக்குப் பயந்து ரயில் நடுவழியில் நின்றுவிட்ட ஒரு பிற்பகலில், உணவுப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, இந்த உண்மையை அவன் தன் இரண்டு நண்பர்களுக்கும் அறிவித்தான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவன் தொழில். ஆனால் யாரும் அவனை எக்ஸ்ரேக்காரன் என்று கூப்பிடுவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு போவான். யார் வீட்டில் எந்த ஒயினைத் திறந்தாலும் அதை நீட்டித்தான் வாங்குவான். ஆகவே பெயர், டம்ளர்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கடா," என்றான். "ஒரு பாத்திரத்துக்குக் கால் எதுக்கு? எழுந்து நடந்தா போகப் போகுது?"

"பாக்க அழகா இருக்கும்ல..." என்றான் முதல் நண்பன். அவன் பல் டாக்டர். சிவப்பு ஒயின் பல்லைக் கறையாக்கும் என்று நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லிவிட்டு, விடுமுறையில் அதையே குடிப்பவன்.

"அழகையா குடிக்கிறோம்? அப்புறம் அதைச் சுத்துவாங்க பாரு... மூணு சுத்து! சக்கரை போட்டுக் கலக்குற நினைப்பு. சுத்திட்டு மூக்கை உள்ள விடுவாங்க. மூக்காலயே குடிக்கிறதுன்னா வாய் எதுக்குடா? கடைசியா கண்ணை மூடுவாங்க... அதுதான் உச்சம். நீ பல்லைப் புடுங்கும்போது கண்ணை மூடினா அர்த்தம் இருக்கு. ஒயின் என்ன ஊசியா போடுது?"

இரண்டாவது நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ரேடியோ என்று பெயர். பேட்டரி போடாத ரேடியோ.

எதிர் மேஜையில் தனியாக ஒரு பெண். முன்னால் விரித்து வைத்த காகிதங்கள், கையில் காலுள்ள கண்ணாடிக் கிளாஸ். டம்ளர் தன் சொற்பொழிவை முடித்த அதே நொடியில் அவள் கிளாஸை மூன்று சுற்று சுற்றி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடியிருந்தாள்.

மெல்லத் திறந்தாள்.

அந்தக் கண்கள்... மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி இருந்தன. பார்க்கத் தெளிவு. ஆனால் திறந்தால் காற்று பலமாக அடிக்கும் என்றும் தோன்றியது.

அடித்தது.

"கால் எதுக்குன்னு கேட்டீங்களே... கைச்சூடு ஒயினுக்கு ஏறாம இருக்கத்தான்."

"ஏறினா என்ன ஆகுமாம்?"

"உங்களை மாதிரி ஆயிடும். வாசனை போயிடும், சூடு மட்டும் மிஞ்சும்."

ரேடியோ அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

பதிலுக்கு டம்ளரிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. மூன்றுமே பிரமாதமானவை. அவற்றில் எதை முதலில் விடுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது ரயில் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. அவள் கிளாஸின் காலைப் பிடித்திருந்தாள், அது அசையவில்லை. இவன் டம்ளரோ மேஜையிலிருந்து பாய்ந்து போய் அவள் காகிதங்களின் மேல் கவிழ்ந்தது.

"ஐயோ... ஸாரி... ஸாரிங்க!" கைக்குட்டையால் துடைத்தான். கறை இன்னும் கொஞ்சம் விரிந்ததுதான் மிச்சம்.

அது ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் ஆய்வறிக்கை. கயிறு சரி, பிரேக் சரி, ஆறு பேர், நானூற்றைம்பது கிலோ. அடியில் அவள் கையெழுத்து. அவள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.

"வேற தாள்ல எழுதிடுங்க," என்றான் ரகசியக் குரலில். "யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

பேனாவை எடுத்தாள். கறைக்குப் பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: 'இது ஒயின். ரயில் குலுங்கியதால் சிந்தியது. சிந்தியவர்: அடுத்த மேஜை.' கீழே தேதி, நேரம், சுருக்கொப்பம்.

"மேலதிகாரி கேட்டா என்ன சொல்வீங்க?"

"கேக்கட்டும்னுதானே எழுதறேன். வேலை முடிஞ்சுது. வண்டியில விக்கிறாங்க. வாங்கிக் குடிச்சேன். இதுல மறைக்க என்ன இருக்கு?"

சாதாரணக் கேள்வி. ஆனால் டம்ளருக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது. எங்கே என்று கண்டுபிடிக்க எக்ஸ்ரே தேவைப்படவில்லை. அன்று மாலை சரியாக ஆறரைக்கு அவன் போன் அடித்தது. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியின் கோடிக்கு ஓடினான். திரையில் அக்கா.

"என்னடா குடிக்கிற?"

"மாதுளை ஜூஸ்க்கா."

"சமத்து."

கிளாஸுக்கு எதிரான அவன் புரட்சியின் மொத்த வரலாறும் இவ்வளவுதான்... எவர்சில்வருக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது.

*

அவனுக்குப் பதினோரு வயதில் அம்மா போய்விட்டாள். அப்போது பத்தொன்பது வயதான அக்காதான் அவனை வளர்த்து ஆளாக்கினாள். இப்போது அவள் வேறு ஊரில், கல்லீரல் வார்டில் தலைமை நர்ஸ். மஞ்சள் பூத்த கண்களைத் தினமும் பார்ப்பவள். "நம்ம வீட்ல அந்தப் பேச்சே கிடையாது" என்பது அவள் போட்ட ஒரே சட்டம். வேலை கிடைத்த புதிதில் நண்பர்களோடு முதல் ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். அவசரத்துக்கு மாதுளை என்றான். ஒரு பொய்தான். ஆனால் அதற்குத் தினமும் ஆறரைக்குத் தீனி போட வேண்டியிருந்தது. ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தான். காபி குடிக்கிற நாளிலும் மாதுளை என்றே சொல்லப் பழகிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனை லிஃப்ட் வாசலில் 'ஆய்வு நடக்கிறது' என்று ஒரு பலகை. கதவு திறந்திருந்தது. தலைக்கு மேலே, இருட்டுக்குள்ளிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது.

"அட... அடுத்த மேஜை!"

லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஹெல்மெட்டும் கிரீஸ் படிந்த கையுமாக அவள். அழுக்குக் கன்னத்தில் இப்படி ஒரு அழகு வருவது சட்டப்படி சரிதானா என்று டம்ளர் யோசித்தான்.

"அறிக்கையைப் பாத்துட்டு உங்க மேலதிகாரி என்ன சொன்னார்?"

"அது எந்த ஒயின்னு கேட்டார்." டார்ச் அணைந்தது. "சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. பிரெண்ட்ஸோட உக்காருவோம். உங்க கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வாங்க. டம்ளரை விட்டுட்டு வாங்க."

டம்ளரோடு போனான்.

லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன்," என்றாள். தரையில் ஒரு பாய், நடுவில் ரொட்டி, வறுத்த கடலை, ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆறு கிளாஸ்கள். யார் எந்த ஊருக்குப் போய் வந்தாலும் அங்கிருந்து ஒரு பாட்டில். விலையைச் சொல்லக் கூடாது, லேபிளைப் படித்து வகுப்பெடுக்கக் கூடாது. பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் சமையலுக்கு. அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று சுற்று சுற்றி, கண்ணை மூடி, ஏதாவது சொல்வாள்.

"புது நோட்டு... முதல் பக்கம்."

"இது?"

"மழை நின்ன பிறகு மொட்டை மாடி."

"எனக்கு ஒயின் வாசனைதாங்க வருது."

"டம்ளர்ல வாசனை வராது. அடுத்த மேஜைக்குப் பிடிவாதம் மட்டும்தான் வரும்."

நாலு சனிக்கிழமை போயிற்று. கேலி ஒரு பக்கம் வளர வளர, இன்னொரு பக்கம் வேறு ஏதோ ஒன்று அவனைக் கேட்காமலே வளர்ந்தது. வியாழக்கிழமையே அவனுக்குச் சனிக்கிழமை முகம் வந்துவிடும். நோயாளிகளிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, பொத்தானை அமுக்க மறந்து நின்றான். ஒரு பெரியவர் நீலம் பாரித்த பிறகுதான் சொன்னார், "தம்பி, விடலாமா?"

அவளும் சும்மா இல்லை. கடைசிக் கடலையை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். அவன் சொல்வது நகைச்சுவையாக இல்லாதபோதும் சிரித்தாள். பல் டாக்டர் அதை மருத்துவ ரீதியாகக் கவலைக்கிடம் என்றான்.

ஆறரைக்குப் போன் வந்தால் டம்ளர் பால்கனிக்குப் போய்விடுவான். ஐந்தாவது சனிக்கிழமை பால்கனி முழுக்கச் சாரல். வேறு வழியில்லாமல் பாயில் உட்கார்ந்தபடியே எடுத்தான். பக்கத்தில் அவள்... தோளுக்கும் தோளுக்கும் இடையில் ஒரு விரல்கடை.

"என்னடா குடிக்கிற?"

"மாதுளை ஜூஸ்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டென்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாருடா கூட?"

அவன் கை தானாகத் திரும்பியது. போன் சுவரைப் பார்த்தது. அவளும் அவள் கிளாஸும் திரையிலிருந்து ஒரே சமயத்தில் காணாமல் போனார்கள்.

"யாருமில்லக்கா... டிவி."

போனை வைத்தான். அவளுடைய தோழிகள் ரொட்டியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனான்.

"நான் டிவியா?"

"இல்ல... கிளாஸைத்தான் மறைச்சேன்..."

"கிளாஸுக்குப் பக்கத்துல நான் இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இருபத்தஞ்சு வயசுல எங்கப்பா முன்னாடி சாப்பாட்டு மேஜையில கிளாஸை வெச்சேன். நாலு மாசம் என்கூடப் பேசல. வலிச்சுது. அஞ்சாவது மாசம் ஒரு நாள், 'அது புளிக்குமா'ன்னு கேட்டார். அப்படித்தான் பேச ஆரம்பிச்சோம். உங்க தத்துவத்தைக் கேட்டு நானும் சிரிச்சேனே... அது தத்துவமே இல்ல. மூடி."

"அக்கா எனக்கு அம்மா மாதிரிங்க. அவ மனசு..."

"புரியுது. ஆனா நாளைக்கு என்னையும் ஒரு டம்ளர்ல ஊத்தி, 'மாதுளைக்கா'ன்னு சொல்வீங்க. எனக்கு அது வேண்டாம். நான் கண்ணாடில இருந்தே பழகிட்டேன்."

அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு நாலு மாடியும் படியிறங்கிப் போனான்.

*

இரண்டு சனிக்கிழமைகள் வெறும் கிழமைகளாகப் போயின.

"ஏன்டா," என்றான் பல் டாக்டர், "மனித குலத்தின் எதிரின்னு நீ சொன்னதெல்லாம் உங்கக்காவுக்குப் பயந்துதானா?"

"கொள்கை வேற, பயம் வேற."

"ஒண்ணுதான்," என்றான் ரேடியோ.

அந்த வாரம் அக்கா சொன்னாள்: சனிக்கிழமை உன் ஊரில் ஒரு பயிற்சி வகுப்பு, சாயங்காலம் உன் வீட்டில்தான் தங்கல். 'சரிக்கா' என்றான். வைத்தவுடன், நெஞ்சுக்குள் வெகுநாளாகப் படுத்துக்கிடந்த ஏதோ ஒன்று சோம்பல் முறித்து எழுந்து நின்றது. முப்பது வயது. சொந்தச் சம்பாத்தியம். வாரத்துக்கு ஒரு நாள், நண்பர்களோடு, ஒரு கிளாஸ், மிஞ்சிப்போனால் இரண்டு. இதற்கு ஆறு வருடமாகத் திருடன் மாதிரி முழித்திருக்கிறான். போதும்.

பாத்திரக் கடையில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான். "கால் வெச்சது இருக்கா?"

"எத்தனை வேணும் சார்?"

"ஆறு."

அவளுக்குச் செய்தி அனுப்பினான். 'சனிக்கிழமை ஆறரைக்கு அக்கா போன்ல இல்ல, நேர்ல இருப்பாங்க. எங்க வீட்டுக்கு வாங்க. டிவி ரிப்பேர்.'

பதில் வரவில்லை.

சனிக்கிழமை அக்கா வந்தாள். கையில் நாலு கிலோ மாதுளை.

"எங்க வார்டுல எல்லாருக்கும் உன்னைத்தான் சொல்வேன்," என்றாள் செருப்பைக் கழற்றியபடியே. "எந்தம்பி தினம் மாதுளை ஜூஸ் குடிக்கிறான், கன்னத்தைப் பாருங்கன்னு போட்டோ காட்டுவேன். இப்ப டாக்டரே எழுதிக் குடுக்கறார்."

பல் டாக்டருக்குப் புரையேறியது. ரேடியோ ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கத் தொடங்கினான்.

ஆறு இருபத்தெட்டு. மேஜையில் ஆறு கிளாஸ்கள், துடைத்துத் துடைத்துப் பளபளத்து. அக்கா அவற்றைப் பார்த்தாள். ஆறு முப்பது. ஆறு முப்பத்தொன்று... அவள் வரமாட்டாள். வராவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தபோது கதவு தட்டப்பட்டது.

நனைந்த முடி. இமையில் இரண்டு சொட்டு மழை. கையில் ஒரு பாட்டில்... பை இல்லை, காகிதம் சுற்றவில்லை. தெருவெல்லாம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உங்க பில்டிங் லிஃப்ட் மூணாவது மாடியில லேசா இழுக்குது," என்றாள். "வணக்கம் அக்கா."

டம்ளர் பாட்டிலை வாங்கித் திறந்தான். கிளாஸில் ஊற்றினான். சிவப்பு வெளியே தெரிந்தது. கண்ணாடியில் எல்லாம்தான் தெரிகிறது.

"அக்கா. இது ஒயின். ஆறு வருஷமா நான் குடிச்ச மாதுளை ஜூஸ் இதுதான்."

அக்கா உட்கார்ந்தாள். மடியில் மாதுளைப் பை.

"எத்தனை பேரோட கண்ணு மஞ்சளாகிப் பாத்திருக்கேன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் மறைச்சேன். மறைச்சது தப்பு, அதுக்கு நீ அடிச்சாலும் வாங்கிக்கறேன். குடிக்கிறது தப்புன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். தினம் இல்ல, தனியா இல்ல, தலை கால் தெரியாம இல்ல. சனிக்கிழமை, இவங்களோட, சிரிச்சுக்கிட்டு ஒரு கிளாஸ். இதை ஒளிஞ்சுக்கிட்டுக் குடிச்சதுதான்க்கா அசிங்கம். இனிமே உன் முன்னாடிதான் குடிப்பேன். உனக்குப் பிடிக்கலன்னா திட்டு. கேட்டுக்கிட்டே குடிப்பேன்."

யாரும் மூச்சு விடவில்லை. 'விடலாம்' என்று சொல்ல ஆளில்லை.

அக்கா மெல்லத் திரும்பி வாசலருகே நின்றவளைப் பார்த்தாள்.

"நீதானாம்மா அந்த டிவி?"

அவள் திகைத்தாள்.

"சிரிப்பு நல்லா இருந்துச்சு. எந்த சேனல்னு இவன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"அக்கா..." டம்ளரின் குரல் இறங்கியது. ஒயினை ஒப்புக்கொண்டதைவிட இதற்குத்தான் அதிகத் தைரியம் தேவைப்பட்டது. "இன்னொண்ணும் இருக்கு. இவங்ககிட்டயே இன்னும் சொல்லல. உன் முன்னாடிதான் முதல்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன்." அவள் பக்கம் திரும்பினான். "என்னை இனிமே அடுத்த மேஜைன்னு கூப்பிடாதீங்க. எனக்கு... இந்த மேஜைலயே இடம் வேணும். உங்களுக்குப் பக்கத்துல. எல்லாரும் பாக்கற மாதிரி."

மழை கொஞ்சம் பலத்தது. அவள் நேராக நடந்து வந்து, அவனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கப்பா நாலு மாசம் பேச மாட்டார்," என்றாள், கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக. "காத்திருப்பீங்களா?"

"அஞ்சாவது மாசம் 'புளிக்குமா'ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்க. பழகிட்டீங்களே."

"போதும் போதும்," என்று எழுந்தாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாளா, தெரியவில்லை. "எனக்கு இது பிடிக்கல. கடைசி வரைக்கும் பிடிக்காது. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை பண்ணி ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பணும். ரெண்டு பேரும். பொய் ரிப்போர்ட் வந்தா நேர்ல வருவேன்." சமையலறைக்குள் போய்க் கத்தி எடுக்கிற சத்தம். "அந்த டம்ளர் எங்கடா? அதை இப்படிக் குடு. அதுல ஒரு நாளாவது நிஜ மாதுளை இருக்கட்டும்."

ரேடியோ எழுந்து போய் அக்காவோடு சேர்ந்து மாதுளை உரித்தான். வார்டு முழுக்க மாதுளை ஜூஸ் எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இனி என்ன பதில் சொல்வது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர், மாதுளையும் பல்லைக் கறையாக்கும் என்றான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அந்த இரைச்சலில் டம்ளர் தன் கிளாஸை, அதன் காலைப் பிடித்து, எடுத்தான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

மெல்லச் சுற்றினான். ஒன்று... இரண்டு... மூன்று.

மூக்கை உள்ளே விட்டான். மழை நின்ற மொட்டை மாடி... அதற்கும் பின்னால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் நனைந்த முடி.

கண்ணை மூடிக்கொண்டான்.